சாக் (பந்தை எறியும் முன்பே எறிபவர் வீழ்த்தப்படுவது) விழுந்தால் யார் தவறு? பார்க்கச் சொல்லித் தாருங்கள்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கி இரண்டு சீசன்தான் ஆகிறது. பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்ததில் ஒரு சந்தேகம்.

2021 சூப்பர் பவுலில் (சீசனின் இறுதிப் போட்டி) கான்சாஸ் சிட்டி அணியின் முதன்மை டேக்கிள்கள் (முன்வரிசையின் இரு ஓரத் தடுப்பாளர்கள்) இருவருமே காயத்தால் ஆடவில்லை. அந்த அணியின் எறிபவர் மஹோம்ஸ் பந்து கைக்கு வந்ததுமே பின்னால் ஓடிக்கொண்டிருந்தார், பாவம், 31-9 தோல்வி. அதே மஹோம்ஸ் 2023 சூப்பர் பவுலில், அந்த சீசனில் 70 சாக் எடுத்திருந்த ஃபிலடெல்ஃபியாவிடம் ஒருமுறைகூடச் சிக்கவில்லை, 38-35 வெற்றி.

சரி, முன்வரிசைதான் எல்லாம் என்று புரிகிறது. ஆனால் என் கண் பந்தின் பின்னாலேயே போய்விடுகிறது. தடுப்பவர் ஏமாந்தாரா, எறிபவர் பந்தை அதிக நேரம் வைத்திருந்தாரா என்று எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள்? ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் எறிபவருக்குத் தரப்பட்டதும்) யாருடைய காலடியைக் கவனிக்க வேண்டும்? இடது டேக்கிளா, முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.