அமெரிக்காவில் இருந்து கொண்டு வாற ரவுட்டர் கொழும்பில் சரிவருமோ?

வெள்ளவத்தை_6:
மச்சான் அடுத்த மாதம் அமெரிக்காவில் இருந்து வாறார். ஒரு வைஃபை ரவுட்டரும், சிம் போடுற 4ஜி ரவுட்டர் ஒன்றும் கொண்டு வரச் சொல்லலாமோ? அங்கே சீன ரவுட்டருக்குத் தடை என்கினம். அப்ப பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் டிபி-லிங்க் வாங்குறது பிழையோ? வீட்டில் ஃபைபர் இணைப்பு.

ஒளியிழை:
2022 நவம்பரில் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) நிறுத்தியது ஹுவாவே, இசட்.டி.ஈ. போன்ற 5 சீன நிறுவனங்களின் புதுச் சாதனங்களுக்கான அனுமதியை. டிபி-லிங்க் அந்த ஐந்தில் இல்லை. அதைப் பற்றிய விசாரணைச் செய்தி 2024 டிசம்பரில்தான் வந்தது. எப்படியும் அது அவையின்ர சட்டம், பம்பலப்பிட்டிக் கடையைக் கட்டுப்படுத்தாது.

பாதுகாப்புத்தான் யோசனை என்றால் நாட்டைவிட அப்டேட்டைப் பாருங்கோ. வோல்ட் டைஃபூன் என்ற சீன ஹேக்கர் குழு பாவித்த ரவுட்டர்களில் பெரும்பாலானவை சிஸ்கோவும் நெட்கியரும், அப்டேட் நின்றுபோன பழைய மொடல்கள். அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் மொடலோடு வெர்ஷன் இலக்கமும் இருக்கும். இரண்டையும் வைத்து கம்பனித் தளத்தில் கடைசி ஃபேர்ம்வெயார் (ரவுட்டருக்குள்ள ஓடுற மென்பொருள்) எப்ப வந்தது என்று பார்த்திட்டு வாங்குங்கோ.

கம்பிக்காரன்:
4ஜி ரவுட்டர் வேண்டாம். அமெரிக்க மொடல்கள் பாண்ட் (அலைவரிசை) 2, 4, 12, 13, 66 என்று அந்த நாட்டு வலையமைப்புக்குச் செய்தவை. இங்கே முக்கியமானது பாண்ட் 3, அதாவது 1800 மெகாஹேர்ட்ஸ். அது இல்லாவிட்டால் சிம் போட்டும் பிரயோசனமில்லை. இங்கே வாங்கினாலும் காசு கொடுக்க முதல், ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்று அடித்து, இடைவெளி விட்டு அந்தச் சாதனத்தின்ர 15 இலக்க அடையாள எண்ணையும் 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி டி.ஆர்.சி. (இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு) பதிவைப் பாருங்கோ.

வைஃபை ரவுட்டர் பரவாயில்லை. அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்க வேணும். வெறும் 120 என்றால் எங்கட 230இல் எரிஞ்சு போகும். 12 வோல்ட் வெளியீடு என்றால் அதே அம்பியர் அல்லது கூடின அடாப்டர் இங்கேயே வாங்கலாம்; பின்னின் அளவையும் பாருங்கோ. ஆனால் பார்சலில் அனுப்ப வேண்டாம், டி.ஆர்.சி. அனுமதி கேட்டு சுங்கத்தில் மறிபடலாம்.

ஒளியிழை:
இன்னொன்று. ஃபைபர் பெட்டியைக் கழற்றி எறிய ஏலாது, எக்ஸ்சேஞ்ச் அந்தப் பெட்டியின் சீரியலைத்தான் அடையாளம் காணும். புதிய ரவுட்டரை அதன் லான் துவாரத்தில் (வீட்டுச் சாதனங்களைக் கொழுவுற துவாரம்) கொழுவி, ஏ.பி. மோடில் (வைஃபை மட்டும் பரப்புற முறை) விடுங்கோ.

வெள்ளவத்தை_6:
ஏ.பி. மோட் இல்லாத ரவுட்டர் என்றால்?

ஒளியிழை:
முதலில் கம்பியூட்டரைப் புது ரவுட்டரோடு மட்டும் தொடுத்து, அந்த ரவுட்டரின்ர ஐ.பி. முகவரியை 192.168.1.2 ஆக்குங்கோ (ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால்). பிறகு அதில் டி.எச்.சி.பி.யை (சாதனங்களுக்குத் தானாக ஐ.பி. முகவரி கொடுக்கிற வசதி) நிறுத்துங்கோ. கடைசியாகத்தான் ஃபைபர் பெட்டியில் இருந்து வாற கேபிள், அதுவும் புது ரவுட்டரின்ர வான் (இன்டர்நெட்) துவாரத்தில் இல்லை, லானில். டி.எச்.சி.பி.யை நிறுத்த மறந்தால் சில ஃபோன்களுக்கு இன்டர்நெட் வரும், சிலதுக்கு வராது. பிழை எங்கே என்று தேடியே களைச்சுப் போவியள்.

கம்பிக்காரன்:
எல்லாம் சரியாகியும் வேகம் 100 எம்.பி.பி.எஸ்.ஐத் தாண்டாவிட்டால் கேபிளின் முனையைப் பாருங்கோ. கிகாபிட்டுக்கு 8 கம்பியும் வேணும், ஒன்று விட்டாலும் 100க்கு இறங்கிடலாம்.