இரண்டு கோர் வந்தபோது எங்கள் கடைகளில் என்ன மாறியது?

மார்த்தாண்டம், வீடியோ ஸ்டூடியோ

2007-இல் என் கடையில் ஓடியது 3 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4. சிப்புக்குள் வேலை செய்யும் மூளையைத்தான் கோர் என்பார்கள், அதில் ஒரே கோர். எங்கள் பக்கம் தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்தால் கல்யாணங்கள் வரிசைகட்டி வரும். ஒரு கல்யாணத்தை டிவிடிக்குக் கன்வெர்ட் போட்டுவிட்டால் மூன்று மணி நேரம் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. மவுஸ் ஒட்டி ஒட்டி நகரும். பெண்வீட்டார் எதிரே உட்கார்ந்து "அந்தப் பாட்டை மட்டும் மாத்திக் காட்டுங்க" என்பார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பேன்.

கடன் வாங்கி, இரண்டு கோர் உள்ள கோர் 2 டுவோ இ6300 எடுத்தேன். வேகம் 1.86 கிகாஹெர்ட்ஸ். பக்கத்துக் கடை அண்ணன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மூணை விட்டுட்டு ரெண்டுகூட இல்லாததை வாங்கியிருக்கியே மக்கா, பழைய ஸ்டாக்கை உன் தலையில கட்டிட்டான்" என்றார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அன்று இரவே போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேரக் கன்வெர்ட் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. அது ஓடும்போதே அடுத்த கல்யாணத்தின் ஆல்பத்தையும் திறக்க முடிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இந்த இரண்டாவதுதான். அதனால் என் கட்சி இரண்டு கோர்.

நாகர்கோவில் வடசேரி, டிடிபி

அண்ணே, நீங்கள் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றியிருக்கிறீர்கள். கோர் ஒன்றிலிருந்து இரண்டானது சரி, சிப்பின் பிறப்பே மாறியதைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள். பெண்டியம் 4-இன் பிந்தைய வகையான பிரெஸ்காட்டில் ஒரு கட்டளை 31 படி ஏறி முடியும். கோர் 2-இல் 14 படிதான். கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு மட்டுமே. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை அது சொல்லாது. உங்கள் 1.86 முந்தியதில் பாதிப் பெருமை அதற்குப் போக வேண்டும்.

இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், என் கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று செலரான் 430, ஒரே கோர். மற்றது பெண்டியம் டூயல் கோர் இ2160, இரண்டு கோர். இரண்டும் 1.8 கிகாஹெர்ட்ஸ், ஒரே குடும்பம். சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷ் மட்டும் ஒன்றில் 512 கேபி, மற்றதில் 1 எம்பி. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகையும் சர்ச் மலரும் அடித்தபோது எது எது என்று கண்ணைக் கட்டிக் கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன். சிப் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இ2160-இல் மொத்தக் கணக்கு 50 சதவீதத்திலேயே நிற்கும். அதாவது ஒரு கோர் மாடாய் உழைக்கிறது, இன்னொன்று வேடிக்கை பார்க்கிறது.

யாராவது பென் டிரைவோடு வந்து, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஆரம்பித்தால் கதை வேறு. செலரானில் எழுத்து அடித்த பிறகு திரையில் வருவதற்குள் அடுத்த வரியே மறந்துவிடும். இ2160 கண்டுகொள்ளாது.



குலசேகரம்

எங்கள் வீட்டில் ரப்பர். பால் வெட்ட ஒருவருக்குப் பதில் இரண்டு பேரை விட்டால் மரங்களைப் பங்கிட்டு பாதி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஆனால் தட்டில் ஊற்றிய பால் உறைய எடுக்கும் நேரம் எடுத்தே தீரும். அங்கே பத்துப் பேர் நின்றாலும் பயனில்லை. நான்கு மணி நேர வேலையில் இரண்டு மணி நேரம் வெட்டு, இரண்டு மணி நேரம் காத்திருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆள் போட்டால் மூன்று மணி நேரமாகும், இரண்டாகாது. கல்லூரியில் ஆம்டால் விதி என்று 1967-ஆம் வருடச் சமாச்சாரமாக இதைப் பாடம் எடுத்தார்கள். தோட்டத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதிப் பாஸானேன். வீடியோ கன்வெர்ட் மரம் மாதிரி, பங்கிடலாம். பேஜ்மேக்கர் தட்டில் உள்ள பால்.

திங்கள்நகர்

நான் ஏமாந்த கதை. 2009-இல் செகண்ட் ஹேண்டில் "டூயல் கோர்" என்று ஒருவர் தந்தார். டாஸ்க் மேனேஜரில் கோருக்கு ஒன்று என்று இரண்டு வரைபடம் காட்டினார், நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டில் கேஸைத் திறந்து ஃபேனைக் கழற்றினால் சிப்பில் பெண்டியம் 4. ஹைப்பர் த்ரெடிங் உள்ளது. ஒரே கோர், விண்டோஸ் கண்ணுக்கு இரண்டாகத் தெரியும், அவ்வளவுதான்.

மார்த்தாண்டம், வீடியோ ஸ்டூடியோ

வடசேரிக்காரர் சொன்னது சரி, என் ஒன்றேகால் மணி நேரத்தில் கோருக்கு எவ்வளவு, புதுச் சிப்புக்கு எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் வழியில்லை. ஆனால் கன்வெர்ட் ஓடும்போது மவுஸ் நகர்ந்ததே, அதை விட்டுத்தர மாட்டேன். திங்கள்நகர் அண்ணே, அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

திங்கள்நகர்

எங்கே கொடுக்க? தம்பி மளிகைக் கடையில் பில் போட வைத்தான். அதற்கு அது போதும். கடையில் வருகிறவர்களிடம் டூயல் கோர் என்றுதான் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.