லைவ் கிளாஸில் "கேக்குதா சார்?" என்று கேட்காதவர் உண்டா? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

2020ல் நான் இருந்த சின்ன நிறுவனம் அவசர அவசரமாக ஒரு லைவ் கிளாஸ் ஆப் செய்தது. திரைகளை வடிவமைத்தது நான். எங்கள் ஆட்களே ஆளாளுக்கு வீட்டிலிருந்து சோதித்துப் பார்த்தார்கள், எல்லாரும் லேப்டாப்பில், எல்லாரும் நாள் முழுக்க மீட்டிங்கிலேயே கிடப்பவர்கள், ஒரு குறையும் வரவில்லை.

அப்புறம் பொள்ளாச்சிப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு அப்போது எட்டாம் வகுப்பு, எங்கள் ஆப்பிலேயே கணக்கு வகுப்பு, ஓரத்தில் விரிசல் விட்ட அக்காவின் போனில். வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். சார் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கோடு போட்ட மைக் படத்தை அழுத்தினாள், கோடு போனது, சந்தேகப்பட்டு மறுபடி அழுத்தினாள், கோடு வந்துவிட்டது. "மாமா, கோடு இருந்தா இப்ப மூடியிருக்குன்னு அர்த்தமா, இல்ல அழுத்தினா மூடிக்கும்னு அர்த்தமா?" அந்தப் படத்தை வரைந்தவன் நான், எனக்கே பதில் சொல்ல ஒரு நொடி ஆனது. அதற்குள் சார் "ஆள் இல்ல போல" என்று அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். விடையை நோட்டில் எழுதி வைத்திருந்தாள், பாவம்.

கருவி இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்பது ஆளுக்குத் தெரிய வேண்டும் என்பது திரை வடிவமைப்புக்கு ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 1994ல் தொகுத்த பத்து விதிகளில் முதல் விதி. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்!

திரும்பி வந்ததும் படத்துக்குக் கீழே "உங்கள் குரல் கேட்கிறது", "உங்கள் குரல் கேட்காது" என்று எழுத்திலேயே போட்டோம். பேசினால் ஏறி இறங்கும் ஒரு பச்சைக் கோடும் சேர்த்தோம். ஆனால் அந்தக் கோடு போனுக்குக் கேட்பதைத்தான் காட்டியது, சாருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. சர்வர் வரை போன சத்தத்துக்கு மட்டும்தான் கோடு ஏற வேண்டும் என்று டெவலப்பரிடம் ஒரு வாரம் மல்லுக்கு நின்றேன்.

இன்னொன்றும் நடந்தது. தமிழாக்கத்தை மெஷினிடம் விட்டிருந்தோம், வெளியேறும் பட்டனில் ஆங்கிலத்தில் இருந்த 'லீவ்' தமிழில் 'விடுப்பு' ஆகிவிட்டது. லீவு லெட்டர் கொடுக்கும் இடம் என்று நினைத்துச் சில பிள்ளைகள் அழுத்தியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு அது மைக்கை ஒட்டியே இருந்தது. விரலால் அழுத்தும் பட்டனுக்கு ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 டிபி (திரை அளவுக்கான அலகு), அதாவது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர், அளவெல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன், வைத்த இடம்தான் தப்பு.

---

பிளஸ் ஒன் வேதியியல் டீச்சர் நான். பிள்ளைகள் பக்கம் மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஸ்லைடைப் பகிர்ந்து வைத்துக்கொண்டு மோல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன், பன்னிரண்டு நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு பையன், "மிஸ், நீங்க எப்பவோ போயிட்டீங்க." ஸ்லைடு என் லேப்டாப்பிலேயே இருக்கிறது, நெட் போனாலும் என் கண்ணுக்கு ஒன்றும் மாறாது, மாணவர் முகமெல்லாம் அதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது, 'இணைப்பு இல்லை' என்பது மூலையில் ஒரு குட்டிச் சின்னம். சுவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டுக்காரர் போனில் மாணவராக நானே இன்னொரு முறை நுழைந்து, சத்தத்தை அணைத்து, லேப்டாப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவேன். நான் பக்கம் திருப்பினால் அதில் மூன்று நான்கு நொடி கழித்துத்தான் திரும்பும். நான் எவ்வளவு அவசரப்படுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கை தூக்கினவர்களை முதலில் தூக்கியவர் மேலே என்று வரிசையாகக் காட்டினால் புண்ணியமாகப் போகும், அடக்கமான பிள்ளைகள் பட்டியலின் அடியில் கிடந்து தாங்களே கையை இறக்கிவிடுகிறார்கள்.

---

எங்கள் வீட்டில் சிக்னல் மொட்டை மாடியில்தான். பத்து மணி வெயிலில் ஆப்பில் வரும் அந்த வெளிர் சாம்பல் எழுத்தை எவனால் படிக்க முடியும்? நடுவில் ஊரிலிருந்து யாராவது போன் பண்ணினால் வகுப்புச் சத்தம் நின்றுவிடும், பேசி வைத்ததும் மைக் திறந்தபடி இருக்கிறதா மூடியிருக்கிறதா என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எங்கள் வீட்டுச் சண்டை ஒன்று மொத்த வகுப்புக்கும் போயிருக்கிறது.

---

எனக்குப் பார்வை கிடையாது, பி.எட். படிக்கும்போது எல்லாம் ஆன்லைன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வசதியை வைத்துத் திரையைத் தடவினால் "பெயரிடப்படாத பட்டன், பெயரிடப்படாத பட்டன்" என்று வரிசையாகச் சொல்லும், ஐந்தாவது பட்டன்தான் மைக் என்று எண்ணி வைத்திருந்தேன். ஒரு அப்டேட் வந்தது, ஐந்தாவது வீடியோ ஆகிவிட்டது. நான் லுங்கியும் பனியனுமாக இருந்தேன், சரி விடுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், பகிரும் ஸ்லைடு வெறும் வீடியோவாகத்தான் வந்து சேரும், அதில் இருக்கும் எழுத்தை டாக்பேக்கால் வாசிக்க முடியாது. "இங்க பாருங்க, இதுதான் முக்கியம்" என்பார் பேராசிரியர். எது சார்?

---

ஆரம்பித்தவன்தான் மறுபடி வருகிறேன். பட்டன்களுக்குப் பெயர் கொடுக்கும் வேலை எங்களுக்கு ஒரே மதியத்தில் முடிந்தது, ஆனால் அந்த மதியத்தை ஒதுக்க ஒரு வருஷம் ஆனது. ஸ்லைடைப் பகிரும்போதே கோப்பும் பிள்ளைகளுக்குப் போய்விடும்படி பிறகு மாற்றினோம், வேண்டாம் என்றால்தான் ஆசிரியர் அணைக்க வேண்டும்.

மொட்டை மாடிக்காரருக்கு: எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் விதி. எங்கள் சாம்பல் அதைத் தொடவே இல்லை, பார்க்க அழகாக இருக்கிறது என்று நான்தான் அடம்பிடித்து வைத்தேன்.

டீச்சர், உங்கள் இரண்டாவது போன் வேலையை ஆப்புக்குள்ளேயே 'மாணவர் திரை' என்று ஒரு சின்னக் கட்டமாக வைத்துப் பார்த்தோம். டேட்டாவைக் கூடுதலாகத் தின்கிறது என்று ஆசிரியர்களே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இணைப்பு போனால் திரை முழுக்கச் சிவப்புப் பட்டை விழுவது மட்டும் இருக்கிறது. வேறு யாராவது இதற்கு வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.