லேயர் தீவனத்துக்கு ‘நானோ’ டாக்ஸின் பைண்டர் டன்னுக்கு 1 கிலோ போதுமா?

கேள்வி:
வணக்கம். லேயர் (முட்டைக் கோழி) தீவனத்தில் டன்னுக்கு 600 கிலோ மக்காச்சோளம் போகிறது. புது லாட்டில் அஃப்ளாடாக்சின் பி1 என்ற பூஞ்சை நச்சு 45 பிபிபி (நூறு கோடியில் 45 பங்கு) வந்திருக்கிறது. சில கோழிகளுக்கு அலகோரத்திலும் நாக்கிலும் மஞ்சள் பொருக்கு. நானோ களிமண் பைண்டர் 1 கிலோ போட்டால் எல்லா நச்சையும் பிடிக்கும் என்கிறார்கள். சரியா?

பதில் 1:
அஃப்ளாடாக்சினும் வாய்ப்புண்ணும் வேறு வேறு பிரச்சினை சார். வாய்ப்புண் பெரும்பாலும் டி-2 என்ற இன்னொரு பூஞ்சை நச்சால் வருவது. தீவனம் மாவாக அரைபட்டு அலகில் அப்பினாலும் வரும், சல்லடையையும் பாருங்கள்.

பைண்டராகப் போடும் பென்டோனைட் களிமண் பிறவியிலேயே நானோ பொருள்தான். அதன் ஒரு தகடு சுமார் 1 நானோமீட்டர் கனம். தகடுகளுக்கு நடுவிலுள்ள சந்தில் தட்டையான அஃப்ளாடாக்சின் நுழைந்து, கால்சியம் அயனியோடு ஒட்டிக்கொள்கிறது. டி-2 தட்டையானது அல்ல, அதனால் சந்தில் தங்காது. பிடிப்பது அந்தச் சந்துதான். இன்னும் நைசாக அரைத்தால் தூசிதான் கூடும். நல்ல பென்டோனைட்டே 3 முதல் 5 கிலோ வேண்டும். கிராஃபீன் ஆக்சைடு, காந்த நானோ துகள் எல்லாம் இன்னும் ஆய்வுக்கூடத்துச் சரக்கு, தீவனத்தில் போடாதீர்கள்.

பதில் 2:
உங்கள் கணக்கில் மக்காச்சோளத்திலிருந்து மட்டும் தீவனத்தில் 27 பிபிபி அஃப்ளாடாக்சின் வரும். பாதியைச் சுத்தமான லாட்டாக மாற்றினாலே 13, 14-க்கு இறங்கும். கடலைப் புண்ணாக்கு சேர்த்தால் அதையும் சோதியுங்கள். பைண்டர் அதற்குப் பிறகுதான். டி-2-க்கு லாட்டை மாற்றுவதே வழி.

சாம்பிளை ஒரே மூட்டையில் எடுக்காதீர்கள். நச்சு திட்டுத்திட்டாக இருக்கும். குறைந்தது பத்து இடத்தில் குத்தூசி போட்டு, 5 கிலோ சேர்த்து, முழுவதையும் அரைத்த பிறகு பிரித்து அனுப்புங்கள்.

கலக்கும்போது 4 கிலோ பைண்டரை 20 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் முதலில் கலந்து, பிறகு மிக்சரில் விடுங்கள். நேராகக் கொட்டினால் ஒரு மூட்டையில் குவியும், இன்னொன்றில் இருக்காது. முகமூடி கட்டாயம்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. டைலோசின் மாதிரி மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக் மருந்தைத் தீவனத்தில் கொடுக்கும் நாட்களில் பென்டோனைட் வேண்டாம், மருந்தையும் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது பிஎச் (அமிலநிலை) 3-லும் 6.5-லும், அதாவது இரைப்பை, குடல் நிலையில், செய்த சோதனை அறிக்கை கேளுங்கள். இரைப்பையில் பிடித்ததைக் குடலில் விட்டுவிட்டால் என்ன பயன்? ஈயம், ஆர்சனிக், டயாக்சின் ஆகிய நச்சுப் பொருள்களுக்கான அறிக்கையும் சேர்த்துக் கேளுங்கள். 1997-ல் அமெரிக்காவில் தீவனக் களிமண்ணிலேயே டயாக்சின் இருந்தது.