கொலம்பியாவும் மேற்கு ஹார்லெமும்: சேர்ந்து திட்டமிட்டார்களா, பேரம் பேசினார்களா?

நடைபாதைவாசி:
நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகம் மேற்கு ஹார்லெமில் 17 ஏக்கரில் எழுப்பிவரும் மன்ஹாட்டன்வில் வளாகத்தை, ஊரோடு கலந்து போட்ட திட்டம் என்று இங்கே ஒருவர் புகழ்ந்திருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பகுதி மக்களுக்காக நகரத் திட்டங்களில் கருத்துச் சொல்லும் அமைப்பான சமூக வாரியம் 2007 ஆகஸ்டில் 32-க்கு 2 என்று எதிர்த்து வாக்களித்தது. டிசம்பரில் நகர மன்றம் அனுமதி கொடுத்துவிட்டது. இதில் கலந்தது எங்கே?

கணக்கன்:
வாரியத்தின் வாக்கு வெறும் ஆலோசனைதான் சார், யாரையும் கட்டுப்படுத்தாது. வாரியம் தானே தீட்டிய திட்டத்தையும் மன்றம் சில மாற்றங்களோடு அதே நாளில் ஏற்றதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2009-இல் பல்கலையும் ஊர் சார்பான அமைப்பும் 15 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டார்கள். அதில் வீட்டுவசதிக்கு 2 கோடி, வாடகைக்கு இருப்பவர்களின் சட்ட உதவிக்கு 40 லட்சம்.

நடைபாதைவாசி:
வேடிக்கையே அதுதான். வாரியத்தின் திட்டம் யார் இடத்தையும் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்றது. பல்கலைக்கோ முழு இடமும் வேண்டும், தரைக்குக் கீழே ஒரே தொடராக அடித்தளம் தோண்ட. இரண்டையும் எப்படி ஏற்க முடியும்? பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு என்ன சமைக்கலாம் என்று கேட்டது போலத்தான் அந்த ஒப்பந்தம்.

ஹட்சன்கரை:
கொஞ்சம் பழசையும் பாருங்கள். 1968-இல் இதே பல்கலை மார்னிங்சைட் பூங்காவின் சரிவில் உடற்பயிற்சிக்கூடம் கட்டப் போனது. மாணவர்களுக்கு மேலே வாசல், ஹார்லெம் மக்களுக்குக் கீழே தனி வாசல். போராட்டம் வெடித்து அந்தத் திட்டமே போயிற்று. புது வளாகத்துக்குச் சுற்றுச்சுவரும் இல்லை, கேட்டும் இல்லை. இது முன்னேற்றம்தானே?

நடைபாதைவாசி:
கேட் இல்லை, சரி. வளாகம் வரும் இடத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர்கள் எங்கே? ஓர் இடம் பாழடைந்தது என்று முடிவானால் அரசு அதைக் கட்டாயமாக எடுக்கலாம். அந்த இடம் பாழடைந்தது என்று அரசுக்கு அறிக்கை எழுதிய நிறுவனம் பல்கலைக்கும் வேலை பார்த்தது. இதையும் சொல்லித்தான் 2009 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு நில எடுப்பைத் தடுத்தது.

கணக்கன்:
2010 ஜூனில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேறொரு நிறுவனமும் ஆய்வு செய்து அதே முடிவுக்கு வந்திருந்தது. குடியிருப்பவர்கள் வீட்டை இந்த வழியில் எடுக்க மாட்டோம் என்று கொலம்பியா முன்பே சொல்லிவிட்டது.

நடைபாதைவாசி:
வீட்டை எடுக்க வேண்டாம் சார், வாடகை ஏறினால் போதும். அந்த 40 லட்சம் சட்ட உதவி பிறகு எதற்காம்?