சூடானதும் நின்றுவிடும் 1976 புல்லட்: பொறி எங்கே போகிறது?

கேள்வி (பொள்ளாச்சி)

அப்பா 1976இல் வாங்கிய புல்லட் 350, திருவொற்றியூரில் தயாரானது. அவர் மறைந்த பிறகும் அதை ஓடாமல் நிறுத்திவைக்க மனம் வரவில்லை. காலையில் இரண்டே உதையில் எழுந்துவிடுகிறது. இருபது நிமிடம் அருமையாக ஓடுகிறது. பிறகு திக்கத் தொடங்கி, சைலன்சரில் ஒன்றிரண்டு முறை வெடித்து, நின்றுவிடுகிறது. அதன்பின் எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை. அரை மணி நேரம் மர நிழலில் விட்டால் பழையபடி ஓடுகிறது.

ஸ்பார்க் பிளக் புதிது. கார்புரேட்டரைக் கழுவியாயிற்று. பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரை (மின்தேக்கி) இரண்டு முறை மாற்றியாயிற்று. மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்ட் மட்டும் சில நூறு கிலோமீட்டருக்குள் கருகிக் குழி விழுந்துவிடுகிறது. பட்டறையில் ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுக்கிறார்கள். விற்றுவிடச் சொல்கிறார்கள் வீட்டில். எனக்கு விருப்பமில்லை. வழி சொல்லுங்கள்.

மறுமொழி (சேலம்)

விற்காதீர்கள். பெட்ரோல் வராமல் நிற்கிறதா, பிளக்கில் தீப்பொறி வராமல் நிற்கிறதா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். வண்டி நின்ற உடனே, ஆறுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால் பெட்ரோல் கீழே இறங்காது. திறந்ததும் காற்றை உள்ளே இழுக்கும் ஓசை கேட்கும், சற்று நேரத்தில் வண்டியும் எழுந்துவிடும். அப்படி நடக்கவில்லை என்றால் மூடியை இறுக்கி மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றி அதன் ஒயர்த் தொப்பியில் செருகி, அதன் உடல் சிலிண்டர் ஹெட்டில் படும்படி வைத்து உதையுங்கள். பிளக் துளையிலிருந்து எட்டியே வையுங்கள். அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

கேட்டவர்

இன்று உடுமலை சாலையில் நின்றபோது இரண்டையும் செய்தேன். மூடியைத் திறந்ததில் மாற்றமில்லை. பொறி மஞ்சளாக, நூல் போல வந்தது. நான்காவது உதையில் அதுவும் இல்லை. அரை மணி கழித்து அதே பிளக்கில் நீலமாக, சத்தத்தோடு பாய்ந்தது.

மறுமொழி (மதுரை, ஓய்வுபெற்ற மெக்கானிக்)

தம்பி, அப்படியானால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது பெரும்பாலும் கண்டன்சர் அல்லது பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயில். கண்டன்சரை இரண்டு முறை மாற்றிய பிறகும் பாயிண்ட் கருகுகிறது என்பதுதான் எனக்கு இடிக்கிறது. அளவுக்கு மீறிய மின்சாரம் அதன் வழியே போகிறதோ என்று சந்தேகம்.

இந்த வண்டியில் நோய் சொல்லும் கருவியை, அதாவது மின்சாரத்தை அளக்கும் அம்மீட்டரை, ஹெட்லைட்டுக்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். விளக்குகளை அணைத்துச் சாவியைத் திறந்து, சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக இறக்குங்கள். பாயிண்ட் திறக்கும்போது அம்மீட்டர் முள் நடுவில் நிற்கும். மூடும்போது டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். எந்த எண் வரை சாய்கிறது? பார்த்ததும் சாவியை மூடிவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி திறந்தே கிடந்தால் காயில் வெந்துபோகும்.

இன்னொன்று: வண்டி இப்போதும் 6 வோல்ட்தானா?

கேட்டவர்

ஐயா, முள் 8ஐத் தொடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் விளக்கு மங்கலாக இருக்கிறது என்று 12 வோல்ட்டுக்கு மாற்றினோம். பேட்டரி, ரெகுலேட்டர், பல்புகள், ஹாரன் எல்லாம் புதிது. காயிலை மாற்றியதாக நினைவில்லை. யோசித்துப் பார்த்தால் இந்தத் தொல்லையே அதன் பிறகுதான் வந்தது.

மறுமொழி (மதுரை)

அங்கேதான் இருக்கிறது தம்பி. 4 இருக்க வேண்டிய இடத்தில் 8. பழைய 6 வோல்ட் காயிலையே விட்டுவிட்டார்கள். நேற்று நின்ற வண்டிக்கு மூன்று ஆண்டுக் கதையையும் கேட்பது இதற்காகத்தான்.

மறுமொழி (நாகர்கோவில், பாலிடெக்னிக் ஆசிரியை)

ஐயா சொன்னதற்குக் கணக்கும் பொருந்துகிறது. 6 வோல்ட் காயிலின் முதன்மைச் சுற்று (பேட்டரி மின்சாரம் பாயும் கம்பிச்சுருள்) ஏறக்குறைய 1.5 ஓம். 6 வோல்ட்டில் 4 ஆம்பியர், 24 வாட். அதற்கே 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர், 96 வாட். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. உள்ளே இருக்கும் மின்காப்பு தளர்ந்து, பொறியாக வேண்டிய மின்சாரம் காயிலுக்குள்ளேயே கசிந்துவிடுகிறது. அந்த 8 ஆம்பியரைத் துண்டிக்கும் பாயிண்டும் கருகுகிறது.

காயிலின் இரு சிறு ஒயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து வரும் அளவைக் கழித்துவிட வேண்டும். இவ்வளவு சிறிய ஓமில் அந்த ஒயரின் தடையே ஏமாற்றிவிடும்.

அப்பாவின் காயிலே இருக்கட்டும் என்று நினைத்தால், அதோடு தொடராக 1.5 ஓம் தடையைச் சேர்க்கலாம். ஆனால் மூன்று ஆண்டு வெந்த காயிலை நம்பி நீங்கள் வெளியூர் போவதை நான் விரும்பமாட்டேன். வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

கேட்டவர்

மீட்டர் 1.9 காட்டியது, முனைகளைத் தொடவைத்தபோது 0.4. ஆக 1.5 ஓம்! தூசியைத் துடைத்தபோது காயிலின் உடலில் 6 என்ற எண்ணும் தெரிந்தது. 3 ஓம் உள்ள 12 வோல்ட் காயில், புதிய பாயிண்ட், கண்டன்சர் போட்டேன். முள் இப்போது 4இல் நிற்கிறது. நேற்று நடுவெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன், ஒருமுறைகூடத் திக்கவில்லை. அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக் கோயிலுக்கும் போய்வந்தேன். ஐயா, மேடம், சேலம் அண்ணா, மூவருக்கும் நன்றி.

ஒரே ஒரு குறை. இன்று காலை உதைத்தபோது கிக்கர் திருப்பி அடித்தது, கணுக்கால் வீங்கிவிட்டது.

மறுமொழி (மதுரை)

பாயிண்டை மாற்றியவர் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, பார்க்காமல் விட்டிருக்கிறார். பாயிண்ட் இடைவெளி கூடினால் சீக்கிரம் திறக்கும், பொறியும் முன்கூட்டியே விழும், பிஸ்டன் திருப்பி உதைக்கும். அதைச் சரிசெய்யும்வரை உதைக்க வேண்டாம். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்த பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளை வையுங்கள். அது நழுவும் கணம்தான் பொறி விழும் கணம். பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கேற்பப் பொறியை முன்கூட்டி விழவைக்கும் அட்வான்ஸ் எடைகள் ஸ்பிரிங்கோடு தடையில்லாமல் திரும்பி வருகின்றனவா என்பதையும் விரலால் தள்ளிப் பாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய் போதும், பாயிண்டில் மட்டும் படக்கூடாது.

கேட்டவர்

எடைகளில் ஒன்று துருப்பிடித்து வெளிப்பக்கமே நின்றிருந்தது ஐயா. சுத்தம் செய்து, இடைவெளி 0.38 வைத்து, தாள் வைத்து டைமிங்கையும் சரிசெய்தேன். முதல் உதையிலேயே எழுந்தது.