பிங்க் கூலண்டில் பச்சையை ஊற்றலாமா?

சேலத்துக்காரன்:
2016 மாடல் பெட்ரோல் கார், செகண்ட் ஹாண்டில் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு குடும்பத்தோடு கொல்லிமலை ஏறினோம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது, 70 வளைவில் பாதி தாண்டியிருப்போம், டெம்பரேச்சர் முள் மேலே போக ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி ஆறவிட்டுப் பார்த்தால் ரிசர்வ் டப்பாவில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கீழ்க்கோட்டுக்கும் கீழே. கையிலிருந்த குடிதண்ணீர் பாட்டிலை ஊற்றித்தான் வீடு வந்து சேர்ந்தோம். உள்ளே இருப்பது பிங்க். எங்கள் தெரு மெக்கானிக் "பச்சை இருக்கு, ஊத்திக்கலாம், எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். பக்கத்து வீட்டு மாமாவோ, நம்ம ஊரில் என்ன பனியா கொட்டுது, வெறும் தண்ணீரே போதும் என்கிறார். எதைக் கேட்பது?

பழைய பட்டறை:
தம்பி, இரண்டையும் கேட்காதீர்கள். முதலில் மாமா விஷயம். கூலண்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை. கூலண்டின் மூலப்பொருளான கிளைக்கால் திரவமும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரணமாகவே 107, 108 டிகிரி வரை கொதிக்காது, ரேடியேட்டர் மூடி கொடுக்கிற அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். அதைவிட முக்கியம் அதில் இருக்கிற துருத் தடுப்பு மருந்து. எஞ்சினின் அலுமினிய ஹெட், வாட்டர் பம்ப் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன, வெறும் தண்ணீரில் அது கிடையாது.

அடுத்து நிறம். அது வெறும் சாயம், எந்தக் கம்பெனி எதை வேண்டுமானாலும் போடலாம். பழைய பச்சை பெரும்பாலும் சிலிகேட் சேர்த்த வகை, இரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும். ஆர்கானிக் ஆசிட் வகை, அதாவது ஓஏடி, ஐந்து வருடம்கூடத் தாங்கும். டொயோட்டா பிங்க், ஹோண்டா நீலம் இரண்டும் ஆர்கானிக் ஆசிட்டோடு பாஸ்பேட் சேர்த்தவை, ஐரோப்பிய வண்டிக்காரர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கிவிட்டு சிலிகேட் பக்கம் போவார்கள். ஃபோக்ஸ்வாகனுக்கு ஜி12, ஜி13 என்று தனிக் கணக்கு. பொருந்தாததைக் கலந்தால் மருந்து சீக்கிரம் செத்துப்போகும், சில நேரம் கொழகொழவென்று கட்டி ரேடியேட்டர் குழாயை அடைக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை, எந்தத் தரம் என்று இருக்கும், கேனின் பின்பக்கம் அதே எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் "எல்லாக் கார்களுக்கும்" என்று போட்டிருப்பதை நான் நம்புவதில்லை.

கோவை டீசல்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று, தண்ணீர். நான் இரண்டு வருடம் வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியவன். ரேடியேட்டரைக் கழற்றினால் வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளைச் சுண்ணாம்பு, குழாய்க்குள் குச்சிகூட நுழையவில்லை. தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் வாங்கினால் அப்படியே ஊற்றலாம், தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் என்றால் அதோடு கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

சேலத்துக்காரன்:
அப்போ மொத்தமாக மாற்றிவிடுகிறேன். வடித்துவிட்டு ரெடிமிக்ஸ் ஊற்றினால் சரிதானே?

பழைய பட்டறை:
இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவது. அடிக் குழாயைக் கழற்றி வடித்தாலும் எஞ்சின் பிளாக்குக்குள் கொஞ்சம் தங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை வடிப்பீர்கள் இல்லையா, கடைசியில் உள்ளே தங்குவது வெறும் தண்ணீர். அதன்மேல் ரெடிமிக்ஸ் போனால் கலவை நீர்த்துப்போகும். அதனால் புத்தகத்தில் மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால் முதலில் இரண்டரை லிட்டர் கான்சன்ட்ரேட், மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர். அப்புறம் காற்றை வெளியேற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முள் மறுபடி ஏறும். மூடியை எஞ்சின் நன்றாக ஆறின பிறகே திறக்கணும், என் முழங்கைத் தழும்பு அந்த அவசரத்தில் வந்தது.

மதுரை மீனா:
எல்லாம் சரி, குறைந்த கூலண்ட் எங்கே போச்சு என்று யாருமே கேட்கவில்லையே? மூடிய சுற்று அது, சும்மா குறையாது. ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப் அடிப்பக்கம், காய்ந்த பிங்க் பொருக்கு எங்காவது இருக்கிறதா பாருங்கள். முன் சீட் கால்மிதி ஈரமாக, இனிப்பு வாடை அடித்தால், கசிவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி மாதிரி இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கலாம்.

சேலத்துக்காரன்:
மீனா அக்கா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஆயில் மூடி சுத்தம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்து, சுற்றிலும் பிங்க் பொருக்கு! வருடக்கணக்காக யாரும் மாற்றவில்லை போல. மூடி, கூலண்ட் இரண்டும் நாளைக்கு.

மதுரை மீனா:
பழைய மூடியில் அச்சடித்திருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். வடித்த கூலண்டைத் திறந்த பக்கெட்டில் வாசலில் வைக்காதீர்கள், தித்திப்பாக இருக்கும், தெரு நாய் நக்கினால் செத்துவிடும்.